ஏரிக்கரைப் பூனையும் ஆள்காட்டி முட்டையும்: உங்களுக்குத் தெரியுமா?

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், அயனம்பாக்கம், செம்பரம்பாக்கம். சென்னையின் மேற்குப் புறநகரில் எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஏரி வரும். கரை ஓரம் புதர் இருக்கும், புதருக்குள் கூடு இருக்கும். இப்போது அந்தக் கரைகளில் பூனைகளும் இருக்கின்றன. பூனை நம் பகையாளி அல்ல, பறவையும் அனாதை அல்ல. இரண்டும் பிழைக்க என்ன வழி? சின்னச் சின்னச் செய்திகளாகப் பார்ப்போம்.

வெறுந்தரையே கூடு

ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், சரளைக்கல் நடுவே, பெரும்பாலும் 4 முட்டை இடும். ரயில் தண்டவாளத்து ஜல்லியிலும் மொட்டை மாடியிலும்கூட முட்டை வைத்ததுண்டு. முட்டை மண் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருப்பதால் மனிதக் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. இரவில் மோப்பத்தோடும் கூர்ந்த காதோடும் வரும் பூனைக்கு அந்த மறைப்பு போதாது. கானாங்கோழியும் கரையோரப் புதரில் தாழ்வாகத்தான் கூடு வைக்கும். குஞ்சுகள் பொரித்ததுமே தரையில் இறங்கி நடக்கத் தொடங்கிவிடும்.

சாக்கு மூட்டையில் வரும் வேட்டைக்காரர்

வீட்டில் பூனை குட்டி போட்டுவிட்டால் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவருவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். “அங்கே மீன் இருக்கும், பிழைத்துக்கொள்ளும்” என்று மனசைத் தேற்றிக்கொள்வோம். குட்டிகளில் பல பசியாலும் நாய்க்கடியாலும் சாகும். தப்பிப் பிழைப்பவை மீனை நம்பி இருப்பதில்லை. கண்ணெதிரே ஓடும் அரணை, ஓணான், அணில், குஞ்சு ஆகியவற்றைப் பிடிக்கப் பழகும். பறவைகள் அடைகாக்கும் இடத்திலேயே வேட்டைக்காரரை இறக்கிவிட்டுத் திரும்புகிறோம். வளர்த்த விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

வயிறு நிறைந்தாலும் பாயும்

“தினமும் சோறு வைக்கிறோமே, பிறகு ஏன் குருவியைப் பிடிக்கிறது?” என்று பலர் கேட்பதுண்டு. பூனைக்கு வேட்டையும் பசியும் ஒரே கயிற்றில் கட்டியவை அல்ல. அசையும் சிறு உருவத்தைக் கண்டால் பதுங்குவதும் பாய்வதும் அதன் இயல்பு. கிண்ணத்தில் தயிர்சோறு பாதி மீதி இருக்கும்போதே அணிலைத் துரத்தும். சோறு வைத்தால் பூனை பிழைக்கும். அதனால் பறவை பிழைத்துவிடும் என்று நினைப்பது தவறு.

ஒன்பது வாரக் கணக்கு

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். ஓர் ஈற்றுக்கு 3 முதல் 5 குட்டி சாதாரணம். பெட்டைக் குட்டி ஐந்தாறு மாதத்திலேயே, சிலசமயம் அதற்கும் முன்பே, சினைப்பிடிக்கும். பகல்பொழுது நீளும்போதுதான் பூனைக்கு இனப்பெருக்கப் பருவம் தொடங்கும். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் அது ஓய்ந்துவிடும். பகலின் நீளம் பெரிதாக மாறாத நம் ஊரில் அந்த ஓய்வு குறைவு. குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாக முடியும்.

ஏழு வீடு மாற்றும் தாய்

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழு என்பது வழக்குச் சொல், இடம் மாற்றுவது உண்மை. அந்த நாட்களுக்குள் இன்னொரு முக்கியமான காலமும் கடந்துபோகிறது. பிறந்த 2-ஆம் வாரத்திலிருந்து 7-ஆம் வாரம் வரை மனிதக் கை பட்டு வளரும் குட்டி மனிதரை ஏற்கும். அந்தக் காலம் முழுக்க ஆள் அண்டாமல் வளர்ந்த குட்டி பெரும்பாலும் கடைசிவரை மிரண்டே திரியும். தெருக்குட்டிக்கு வீடு தேடித் தர நினைப்பவர்கள் முதல் இரண்டு மாதத்திற்குள் முயலவேண்டும்.

தொல்காப்பியர் ஒன்றாகச் சேர்த்த நால்வர்

தொல்காப்பியத்தின் மரபியல், கீரி, வெருகு, எலி, மூன்று வரி அணில் ஆகிய நான்கின் பிள்ளைகளுக்கும் ‘குட்டி’ என்ற ஒரே பெயரைத் தருகிறது. பிடிப்பவரும் பிடிபடுபவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வெருகு என்பது காட்டுப்பூனை. மாமல்லபுரத்தின் 7-ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை கை உயர்த்தித் தவம் செய்கிறது, எலிகள் சுற்றி நிற்கின்றன. பூனை நம் நாட்டுக்கு நேற்று வந்த விலங்கு அல்ல. நேற்று வந்தது அதன் எண்ணிக்கைதான். அதற்குக் காரணம் நாம் தெருவில் கொட்டும் கழிவு.

வீட்டுப்பூனையின் சொந்த ஊர்

உலகத்து வீட்டுப்பூனைகள் எல்லாம் மேற்காசியக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்று 2007-இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனிதரின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. தானியக் களஞ்சியத்து எலியைத் தேடி வந்த விலங்கு, கப்பல் ஏறி உலகம் முழுக்கப் போனது.

நாணலுக்குள் இன்னொரு பூனை

நீண்ட கால், காது நுனியில் சிறு மயிர்க்கொத்து, கறுப்பு நுனியோடு குட்டையான வால். இப்படி ஒரு பூனையை நாணலிலோ வயலோரப் புதரிலோ கண்டால் அதை விரட்டவேண்டாம். அது காட்டுப்பூனை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது. வீட்டுப்பூனையோடு இது கலந்து குட்டி ஈனக்கூடியது. ‘சௌசி’ என்ற வளர்ப்பினமே அப்படி உருவாக்கப்பட்டதுதான். இந்தக் கலப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்காட்லாந்து பாடம். அங்கே காட்டுப்பூனை இனம் வீட்டுப்பூனையோடு கலந்து கலந்து அழிவின் விளிம்புக்குப் போனது. 2023-இல் கூண்டில் வளர்த்த காட்டுப்பூனைகளைக் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் கொண்டுபோய் விடவேண்டிய நிலை வந்தது.

ஐந்து பூனை ஆயிரங்களானது

தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவின் வானிலை நிலையத்துக்கு, எலியைப் பிடிக்க 1949-இல் 5 பூனைகள் போயின. 1970-களின் பிற்பகுதியில் அங்கே ஏறத்தாழ 3,400 பூனைகள். ஆண்டுக்குச் சுமார் 4,50,000 கடற்பறவைகளை அவை தின்றதாகக் கணக்கிட்டார்கள். கடைசிப் பூனையை அகற்றி முடிக்க 1991 ஆகிவிட்டது. 5 பூனைக்குத் தொடக்கத்திலேயே கருத்தடை செய்திருந்தால் அந்தப் போராட்டமே தேவைப்பட்டிருக்காது.

கலங்கரை விளக்கத்துக் குருவி

நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் பறக்கத் தெரியாத ஒரு சிறு குருவி இருந்தது. 1894-இல் கலங்கரை விளக்கத்தோடு பூனையும் அந்தத் தீவுக்குப் போனது. பூனை வாயில் கவ்விக்கொண்டு வந்த உடல்களைப் பார்த்துத்தான் அப்படி ஒரு பறவை இருப்பதே அறிஞர்களுக்குத் தெரிந்தது. ஓரிரு ஆண்டுகளில் இனமே முடிந்தது. ஒரே பூனை அழித்தது என்று கதை சொல்வார்கள். உண்மையில் பெருகிவிட்ட பல பூனைகள் சேர்ந்து அழித்தன.

பூனை போனதும் பெருகிய முயல்

ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவில் 2000-ஆம் ஆண்டோடு பூனைகளை முற்றிலும் அகற்றினார்கள். உடனே முயல் பெருகி, மலைச்சரிவின் பசுமையையே மேய்ந்துவிட்டது. பிறகு முயலையும் எலியையும் சேர்த்து அகற்றிய பின்பே, 2014-இல், தீவு மீண்டதாக அறிவித்தார்கள். இதற்கு மாறாக, அசென்ஷன் தீவில் பூனைகள் போனபின் 2012-இல் அந்தத் தீவுக்கே உரிய கடற்கொள்ளைப் பறவை ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தரையில் மறுபடி கூடு கட்டியது. ஒரு விலங்கை மட்டும் தனியே பிடுங்கி எடுத்தால் போதாது, அது நிற்கும் வலை முழுவதையும் பார்க்கவேண்டும் என்பதை இந்த இரண்டு தீவுகளும் சேர்ந்து சொல்கின்றன.

2,000-க்கும் மேல்

வெளியில் திரியும் பூனைகள் உலகெங்கும் எவற்றைத் தின்கின்றன என்று 2023-இல் தொகுத்தபோது 2,000-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பட்டியலில் வந்தன. அவற்றில் 347 இனங்கள் ஏற்கெனவே கவலைக்குரிய நிலையில் இருப்பவை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 130 கோடிப் பறவைகள் பூனையால் சாகின்றன என்று 2013-ஆம் ஆண்டின் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வீட்டுக்காரர் இல்லாத பூனைகளுடையது.

எலிக்குப் பூனை போதுமா?

அம்பத்தூர் எஸ்டேட் கிடங்குகளில் “எலிக்காகப் பூனை இருக்கட்டும்” என்பது வழக்கமான பேச்சு. நியூயார்க்கின் புரூக்ளினில் எலிகள் மிகுந்த ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் கேமரா வைத்து 79 நாள் கவனித்தார்கள். அந்த நாட்கள் முழுவதிலும் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. சுண்டெலியைப் பூனை பிடிக்கும். நன்றாக வளர்ந்த பெரிய எலியைக் கண்டால் ஒதுங்கும். அப்போது அதற்கு எளிய இரை அணிலும் சிட்டும்தான். நம் பெருச்சாளிக்கு உண்மையான பதில் மூடிய குப்பைத்தொட்டி, அடைத்த சாக்கடைப் பொந்து, கூடவே கூகையும் சாரைப்பாம்பும்.

பூனைக்கு மணி கட்டினால்?

பழமொழிக் கேள்விக்கு இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் ஒரு விடை தந்தார்கள். 355 வளர்ப்புப் பூனைகளிடம் செய்த சோதனையில், கழுத்து மணியால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. பளிச்சென்ற வண்ணத் துணிப்பட்டை கட்டியபோது வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது மொத்த வேட்டைப்பொருள் 36 சதவீதம் குறைந்தது. தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாடியதாலேயே 25 சதவீதம் குறைந்தது. ஒரு குச்சி, ஒரு நூல், நுனியில் ஓர் இறகு. இவ்வளவுதான் செலவு.

சின்னக் கீறல் போதும்

பூனை வாயிலிருந்து மீட்ட குருவி மேலுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மறுநாள் செத்துக் கிடக்கும். பூனையின் எச்சிலில் இருக்கும் பாஸ்சுரெல்லா என்ற நுண்ணுயிரி சிறு பல்தடம் வழியாக உள்ளே போய்விடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதுதான் வழி. மனிதரைப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வெறிநோய்த் தடுப்பூசிக்கு மருத்துவமனை போகவேண்டும். நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் வெறிநோய் வரும்.

மணலில் மறைந்திருப்பது

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் பூனைக் குடும்பத்து விலங்குகளின் மலம் வழியாக மட்டுமே மண்ணில் சேரும். கர்ப்பிணிகள் மணல்குவியலையும் தோட்டத்து மண்ணையும் வெறுங்கையால் தொடாமல் இருப்பதும், கீரையை நன்றாகக் கழுவிச் சமைப்பதும் இதனால்தான். பூனையைத் துரத்துவது இதற்குத் தீர்வாகாது. கட்டட வேலைக்குக் கொட்டிய மணலைத் தார்ப்பாய் போட்டு மூடினாலே பாதி வேலை முடிந்தது.

சென்னையில் பிறந்த வழி

கொல்லாமல் கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கும் வழிக்கு நம் ஊரே முன்னோடி. கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லிருந்தே தெருநாய்களுக்குக் கருத்தடை என்ற திட்டத்தை முன்வைத்தது. மாநகராட்சி அதை 1996-இல்தான் ஏற்றது. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்த ருக்மிணி தேவி அருண்டேல், 1962-இல் உருவான இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவர். அந்த வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில் இருந்தது.

பெயரிலிருந்து உதிர்ந்த சொல்

2001-இல் வந்த கருத்தடை விதிகளின் பெயரிலேயே ‘நாய்கள்’ என்ற சொல் இருந்தது. 2023 மார்ச்சில் அதற்குப் பதிலாக வந்த விதிகளின் பெயரில் அந்தச் சொல் இல்லை, ‘விலங்குகள்’ என்று மட்டுமே இருக்கிறது. மும்பை மாநகராட்சி 2019-லேயே தெருப்பூனைகளுக்குக் கருத்தடையைத் தொடங்கிவிட்டது. பூனைக்கு விஷம் வைப்பதோ அடித்து முடமாக்குவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி 5 ஆண்டுவரை சிறை தரக்கூடிய குற்றம். விஷ உணவைத் தின்று பூனை மட்டும் சாவதில்லை. காகமும் கீரியும் மரநாயும் சாகும்.

பத்தில் மூன்று செய்தால் பயனில்லை

ஒரு தெருவில் 10 பூனை இருந்து 3-க்கு மட்டும் கருத்தடை செய்தால் எண்ணிக்கை அப்படியே நிற்கும். அமெரிக்காவின் இரண்டு பெரிய திட்டங்களை 2005-இல் அலசியவர்கள், எண்ணிக்கை இறங்க 71 முதல் 94 சதவீதம் வரை கருத்தடை ஆகவேண்டும் என்று கணக்கிட்டார்கள். இஸ்ரேலின் ரிஷோன் லெசியோன் நகரில் 12 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஒரு பகுதி விட்டு ஒரு பகுதியாகச் செய்த 4 ஆண்டுகளில் பூனைகள் குறையவில்லை. இடைவெளி இல்லாமல் நகரம் முழுக்கச் செய்தபோதுதான் ஆண்டுக்கு 7 சதவீதம் வீதம் குறையத் தொடங்கியது.

இரண்டு மாநகராட்சி, ஒரே மதில்

அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. பக்கத்து ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. திருமுல்லைவாயல் பக்கம் ஒரு கடுவன் மதில் தாண்டினால் நிர்வாகமே மாறிவிடும். ரிஷோன் லெசியோன் சொல்லும் பாடம் இங்கேதான் உறைக்கிறது. ஓர் ஊரில் மட்டும் செய்து அடுத்த ஊரை விட்டுவிட்டால், அங்கிருந்து வரும் பூனைகள் இங்கே காலியான இடத்தை நிரப்பும். எல்லையைத் தாண்டி ஒரே மாதத்தில், தெரு தெருவாகத் தொடர்ந்து செய்யும் கூட்டுத் திட்டம்தான் பலன் தரும். ஏரிக்கரையை ஒட்டிய தெருக்களிலிருந்து அதைத் தொடங்கவேண்டும்.

காது சொல்லும் செய்தி

தெருப்பூனையின் ஒரு காது நுனி நேர்க்கோடாக வெட்டியிருந்தால் அது காயம் அல்ல. கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு உலகெங்கும் வைக்கும் அடையாளம் அது. மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவதால் வலி தெரியாது. அதே பூனையை இரண்டாம் முறை பிடித்து அலைக்கழிக்காமல் இருக்க இது உதவும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: கருத்தடை ஆன பூனை குட்டி போடாது, ஆனால் வேட்டையாடும். கருத்தடையோடு அடுத்த செய்தியும் சேரவேண்டும்.

கிண்ணம் வைக்கும் இடம்

தெருப்பூனைக்குச் சோறு வைப்பவர்கள்தான் இந்த வேலையின் முதுகெலும்பு. எந்தப் பூனை சினை, எது புதிது என்பது அவர்களுக்குத்தான் தெரியும், கூண்டுக்குள் வரவைப்பதும் அவர்கள் குரல்தான். கேட்டுக்கொள்வது இவ்வளவே: கரையில் வைக்காமல் தெருவுக்குள் வையுங்கள். இரவில் வைக்காமல் பகலில், குறித்த நேரத்தில் வையுங்கள். அரைமணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். மீன்கடை, கோழிக்கடைக்காரர்கள் கழிவை மூடிய டிரம்மில் சேர்த்தால், ஏரிக்கால்வாயில் கொட்டாமல் இருந்தால், புதிய பூனைகள் அங்கே கூடுவதற்குக் காரணமே இருக்காது.

சிங்கப்பூர் மாற்றிய விதி

நம்மவர்கள் பலர் குடியிருக்கும் சிங்கப்பூரின் அரசு அடுக்ககங்களில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு 2 பூனை வரை வளர்க்கலாம். உரிமம் எடுக்கவேண்டும், மைக்ரோசிப் பொருத்தவேண்டும். பூனைக்கு ஒரு முகவரி கிடைத்தால் அதைக் கரையில் விட்டுவிட்டு “எங்களுடையது அல்ல” என்று சொல்லமுடியாது.

நான்கு வாரம்

ஆள்காட்டி தன் முட்டையை ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். கோடை வெயிலில் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். யாராவது நெருங்கினால் தானே ஆபத்துக்கு முன்னால் வந்து கத்தி, கவனத்தைக் கூட்டிலிருந்து விலக்கும். ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் அந்தக் குரலை இரவில் கேட்டிருப்பீர்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான அதன் கூடுகட்டும் மாதங்களில், பொழுது சாயும்போது உங்கள் பூனையைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துங்கள். விடிந்தபின் திறந்துவிடுங்கள். பூனைக்கு ஓர் இரவுத் தூக்கம் கூடும். கரையில் நான்கு முட்டைகள் இன்னொரு நாளைக் கடக்கும்.